கறுத்துப்போன இதய வால்வு... குழந்தையின் துணியிலேயே தெரியும் முதல் அடையாளம்!

கோட்டக்குப்பத்தில் எங்கள் வீட்டில் பச்சைக்குழந்தையின் துணியை நன்னி யாரிடமும் துவைக்கக் கொடுக்க மாட்டார். அவரே துவைப்பார், அவரே காயப்போடுவார். ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு நிமிஷம் பார்ப்பார். குழந்தைக்குப் பால் போதுகிறதா, வயிறு சரியாக இருக்கிறதா, மஞ்சள் காமாலை இருக்கிறதா என எல்லாவற்றையும் அந்தத் துணியிலேயே படித்துவிடுவார். ``டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடி துணி சொல்லிடும்டா’’ என்பது அவர் வழக்கம்.

இந்த வாரம் எனக்கு ஆபீஸில் கொடுத்த கட்டுரை, இதயத்திலும் ரத்தக்குழாய்களிலும் நிறமி படிவது பற்றியது. அறுவை சிகிச்சை மேசையில் இதயத்தைத் திறந்தால் வால்வு கறுப்பாக இருக்கும் ஒரு அரிய நோய் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க, அந்தக் கதை ஐம்பது, அறுபது வருஷம் பின்னோக்கிப் போய் நின்ற இடம், நன்னி தூக்கிப் பிடிக்கிற அதே குழந்தைத் துணி.

அதே நேரம் கூடத்தில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அக்காவை மாமா மகனுக்கே கொடுத்துவிடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நான் படித்துக்கொண்டிருந்ததற்கும் அந்தப் பேச்சுக்கும் உள்ள தொடர்பு கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

மேசையில் தெரியும் கறுப்பு

இதயத்திலிருந்து சுத்த ரத்தத்தை உடலுக்குக் கொண்டுபோவது பெருந்தமனி. அது தொடங்கும் வாசலில் மூன்று இதழ்களுடன் ஒரு வால்வு இருக்கிறது. வயதாகும்போது சிலருக்கு இந்த வால்வில் சுண்ணாம்புச்சத்து படிந்து கெட்டியாகி, வாசல் சுருங்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், சிலர் மயங்கி விழுவார்கள். பழைய வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைப்பதுதான் வழி. நம் ஊர் பெரிய மருத்துவமனைகளில் தினசரி நடக்கும் அறுவை சிகிச்சை இது.

அப்படிப்பட்ட ஒரு சாதாரண அறுவை சிகிச்சையில் பெருந்தமனியைத் திறக்கும் மருத்துவர், வெளிர் நிறத்தில் இருக்கவேண்டிய வால்வும் தமனியின் உட்சுவரும் நீலக் கறுப்பாக, மை கொட்டியதுபோல இருப்பதைப் பார்த்தால்? உலகின் பல மூலைகளிலிருந்து மருத்துவ இதழ்களில் இப்படிப்பட்ட அனுபவங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பல நோயாளிகளுக்கு, தங்களுக்குப் பிறவியிலேயே ஒரு குறைபாடு இருக்கிறது என்பது அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் தெரிந்திருக்கிறது. அதற்கு முன்பே அவர்களில் பலருக்கு முதுகுவலி இருந்திருக்கும். மூட்டுகூட மாற்றியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று என்பது யார் கண்ணிலும் படவில்லை.

அந்தக் குறைபாட்டின் பெயர் அல்காப்டனூரியா. அதனால் உடல் திசுக்களில் நிறமி படியும் நிலைக்குப் பெயர் ஆக்ரோனோசிஸ்.

உடைபடாமல் தேங்கும் ஓர் அமிலம்

பருப்பு, மீன், முட்டை, பால் என நாம் சாப்பிடும் எல்லாப் புரதத்திலும் பினைல்அலனின், டைரோசின் என்று இரண்டு அமினோ அமிலங்கள் உண்டு. உடலுக்குத் தேவையானதுபோக மிச்சத்தைக் கல்லீரல் படிப்படியாக உடைக்கும். ஒரு தறியில் நூல் கைமாறிப் போவதுபோல, ஒரு நொதி வேலையை முடித்து அடுத்த நொதியிடம் கொடுக்கும்.

அந்த வரிசையில் நடுவில் வருவது ஹோமோஜென்டிசிக் அமிலம். இதை உடைக்கவேண்டிய நொதியை உருவாக்குவது ஹெச்.ஜி.டி என்ற மரபணு. அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் நொதி வேலை செய்யாது. அமிலம் தேங்கும். சாதாரண ஆட்களின் சிறுநீரில் மில்லிகிராம் கணக்கில் மட்டுமே இருக்கவேண்டிய அமிலம், இவர்களுக்குக் கிராம் கணக்கில் வெளியேறும்.

சிறுநீரகம் தன்னால் முடிந்த அளவு வெளியே தள்ளுகிறது. ஆனாலும் ஒரு பங்கு ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அது ஆக்சிஜனுடன் சேர்ந்து, நம் தலைமுடியில் இருக்கும் மெலனின் போன்ற ஒரு கறுப்பு நிறமியாக மாறும். இந்த நிறமிக்கு கொலாஜன் மீது ஒட்டும் குணம். குருத்தெலும்பு, தசைநாண், முதுகுத்தண்டின் வட்டுகள், கண்ணின் வெள்ளைவிழி, காதுமடல், இதய வால்வு, தமனிச் சுவர் என கொலாஜன் இருக்கும் இடத்திலெல்லாம் போய் உட்காரும்.

உட்கார்ந்தது நிறமாக மட்டும் இருந்துவிட்டால் பரவாயில்லை. நிறமி ஏறிய திசு தன் நெகிழ்வை இழக்கும். காய்ந்த ரப்பர்போல் விறைத்து, விரிசல் விடும். மூட்டாக இருந்தால் தேயும். வால்வாக இருந்தால் அதன் மீது சுண்ணாம்புச்சத்து படிந்து வாசல் அடைக்கத் தொடங்கும்.

வயது சொல்லும் கணக்கு

இந்த நோய் அவசரப்படாது. அதுதான் அதன் ஆபத்து.

*கைக்குழந்தைப் பருவம்:* ஒரே அடையாளம், சிறுநீர். வெளியேறும்போது சாதாரண நிறத்தில்தான் இருக்கும். காற்றுபட்டு நேரம் ஆக ஆக பழுப்பாகி, பிறகு கறுக்கும். சோப்பு போன்ற காரப்பொருள் பட்டால் இன்னும் வேகமாகக் கறுக்கும். குழந்தையின் துணியில் துவைத்தும் போகாத கறுப்புக் கறை அதனால்தான். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, குழந்தை நன்றாகவே வளரும்.

*முப்பது வயதையொட்டி:* முதுகின் அடிப்பகுதியில் வலி, காலையில் விறைப்பு. வெள்ளைவிழியில் பழுப்பான புள்ளி. காதுமடல் தடித்து நீலச் சாம்பல் நிறம். சிலருக்கு வியர்வைகூடத் துணியில் கறை விடும்.

*நாற்பது, ஐம்பதுகளில்:* முட்டி, இடுப்பு, தோள் எனப் பெரிய மூட்டுகள் தேயும். சிலருக்குத் தசைநாண் திடீரென்று அறுந்துபோகும். பின்னாளில் சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரும்.

*அதன்பிறகு இதயம்.* அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 58 நோயாளிகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மூட்டு மாற்றும் நிலை சராசரியாக 55 வயதிலும், இதய வால்வு பாதிப்பு 54 வயதிலும், இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு 59 வயதிலும் வருகிறது.

அதாவது, துணியில் முதல் கறைக்கும் வால்வில் அடைப்புக்கும் நடுவே அரை நூற்றாண்டு இருக்கிறது. ஒரு நோய் இவ்வளவு காலம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவது அபூர்வம். ஆனால், கேட்க ஆள் வேண்டுமே! இப்போது பெரும்பாலான வீடுகளில் டயப்பரைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுகிறோம். கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வந்துவிடுகிறோம். சிறுநீர் கறுக்க அவகாசமே கொடுப்பதில்லை.

லண்டனில் ஒரு தொட்டில்

இந்த நோய் புதிதல்ல. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்திய மம்மி ஒன்றின் மூட்டில் இதே நிறமி இருப்பதை 1970-களில் வேதியியல் சோதனையில் உறுதிசெய்திருக்கிறார்கள். 1859-ல் ஜெர்மனியின் போடெக்கர், காரம் பட்டால் கறுக்கும் இந்தப் பொருளுக்கு `அல்காப்டன்’ என்று பெயர் வைத்தார். 1866-ல் புகழ்பெற்ற நோய்க்குறியியல் அறிஞர் விர்ஷோ, நிறமி ஏறிய திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தது, லென்ஸுக்கு அடியில் காவி மஞ்சளாகத் தெரிந்தது. காவி மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் `ஆக்ரோனோசிஸ்’ என்ற பெயர் பிறந்தது.

ஆனால், இந்த நோயை மருத்துவ வரலாற்றில் உட்கார வைத்தவர் ஆர்ச்சிபால்ட் காரட். லண்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியவர். அன்றைக்கு இது ஏதோ கிருமியால் வருவது என்று நினைத்தவர்கள் உண்டு. காரட்டுக்குச் சந்தேகம். ஏற்கெனவே பாதிப்பு இருந்த குடும்பம் ஒன்றில் 1901-ல் அடுத்த குழந்தை பிறந்தபோது, அதன் துணிகளை முதல் நாளிலிருந்தே கவனிக்கச் சொன்னார். இரண்டு, மூன்று நாள்களுக்குள் துணி கறுத்துவிட்டது. அப்படியானால் இது வெளியிலிருந்து வந்ததல்ல, பிறக்கும்போதே கூட வந்தது.

அவர் கவனித்த இன்னொரு விஷயம்தான் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு நேராக வந்து நிற்கிறது. இந்தக் குழந்தைகளின் பெற்றோர்களில் பலர், ஒருவருக்கொருவர் அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை போன்ற நெருங்கிய உறவினர்கள்.

1902-ல் காரட் இதை வெளியிட்டார். மெண்டலின் பட்டாணிச் செடி விதிகள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். அந்த விதிப்படி விளக்கப்பட்ட முதல் மனித நோய் அல்காப்டனூரியா. இன்றைக்கு உலகம் முழுக்கப் பேசப்படும் மரபணு மருத்துவத்தின் முதல் பக்கம், ஒரு குழந்தையின் கறைபட்ட துணி!

தமிழ்நாட்டில்...

உலக அளவில் இரண்டரை லட்சம் பேரிலிருந்து பத்து லட்சம் பேர் வரைக்கும் ஒருவருக்கு என்ற அளவில்தான் இந்த நோய் வருகிறது. ஸ்லோவாக்கியாவில் 19,000 பேருக்கு ஒருவர். மலைக்கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக ஒருவருக்குள் ஒருவர் மணம் முடித்துக்கொண்டதால் பழுதான மரபணு அங்கேயே சுற்றிவந்ததுதான் காரணம்.

நம் தமிழ்நாட்டிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. எஸ்.சக்திவேல், எம்.பி.சரவணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஸ்லோவாக்கிய விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டின் ஒரு பகுதியில் குடியேறியிருக்கும் நரிக்குறவர் மக்களில் 41 பேரைப் பரிசோதித்ததில் 16 பேருக்கு அல்காப்டனூரியா இருந்தது. அவர்களில் 11 பேரிடம், இரண்டு பிரதிகளிலும் ஒரே மாதிரியான மரபணுப் பழுது. அதுவரை உலகில் வேறெங்கும் பதிவாகாத பழுது அது.

11 பேருக்கும் ஒரே பழுது என்றால் என்ன பொருள்? எத்தனையோ தலைமுறைக்கு முன்பு வாழ்ந்த ஒரே ஒரு மூதாதையரிடமிருந்து அது எல்லோருக்கும் வந்திருக்கிறது. சமூகம் சிறியது, திருமணங்கள் அதற்குள்ளேயே நடந்தன. பழுது வெளியே போகவும் வழியில்லை, கரையவும் வழியில்லை.

இதை வாசிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இது ஒரு குடியிருப்பில் கிடைத்த கணக்கு. ஒரு சமூகத்தின் மீது ஒட்டுவதற்கான முத்திரை அல்ல. உண்மையில் அது எழுப்பவேண்டிய கேள்வி வேறு. புதுச்சேரி கடற்கரையிலும் பஸ் ஸ்டாண்டிலும் பாசிமணி கோத்து விற்கும் ஒரு நடுவயதுக்காரர் `இடுப்பு வலிக்குது, முட்டி வலிக்குது’ என்று சொன்னால், `நாள் முழுக்கத் தரையில உட்கார்ந்தா வலிக்கத்தான் செய்யும்’ என்று ஒரு வலி மாத்திரையோடு அனுப்பிவிடுகிறோமா, அல்லது அவர் காதுமடலையும் கண்ணையும் ஒரு முறை பார்க்கிறோமா? நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பட்டியலில் இடம் கிடைக்கவே இவ்வளவு காலம் ஆனவர்களுக்கு, ஒரு எக்கோ பரிசோதனை எவ்வளவு தூரத்தில் இருக்கும்?

சொந்தத்தில் கல்யாணம்: கணக்கு என்ன?

இது யாரோ ஒரு சமூகத்தின் கதை என்று நாம் தள்ளிவைத்துவிட முடியாது. தேசிய குடும்பநல ஆய்வின் (2019-21) கணக்குப்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 சதவிகிதப் பெண்கள் உறவுக்குள் மணம் முடித்தவர்கள். நாட்டிலேயே உறவுத் திருமணம் அதிகமுள்ள மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. மாமன் மகன், அத்தை மகள், சில சமூகங்களில் தாய்மாமனே மாப்பிள்ளை. கோட்டக்குப்பத்தில் எங்கள் தெருவில் எண்ணினாலே விரல் போதாது.

காரணங்கள் புரியாதவை அல்ல. தெரிந்த பையன், தெரிந்த வீடு, பெண் கண்ணுக்கு எட்டின தூரத்தில் இருப்பாள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை என்றால், அவன் இல்லாத நேரத்தில் பெண்ணைப் பார்த்துக்கொள்ளப்போவது சொந்த மாமியே.

சரி, மரபணுவின் கணக்கு என்ன சொல்கிறது? ஒரு தாத்தாவிடம் இந்தப் பழுதான மரபணுவின் ஒரு பிரதி மட்டும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதி மட்டும் இருந்தால் நோய் வராது. அவருக்கே தெரியாது. அவருடைய ஒரு பேரனுக்கு அது வந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. பேத்திக்கும் நான்கில் ஒன்று. இருவரும் மணந்துகொண்டால், இருவரிடமும் பழுது இருக்க 16-ல் ஒன்று. இருவரிடமும் இருந்து, இரண்டு பிரதியும் குழந்தைக்குப் போய்ச்சேர நான்கில் ஒன்று. ஆக, பிறக்கும் குழந்தைக்கு நோய் வர 64-ல் ஒரு வாய்ப்பு.

அதே பேத்தி வெளியில் மணந்தால்? பொதுமக்களில் 250 பேரில் ஒருவரிடம் இந்தப் பழுது இருப்பதாகக் கொண்டால், குழந்தைக்கு நோய் வர 4,000-ல் ஒரு வாய்ப்பு. வித்தியாசம் அறுபது மடங்குக்கு மேல்.

இதைப் பார்த்து, ஏற்கெனவே சொந்தத்தில் மணம் முடித்தவர்கள் பயப்படத் தேவையில்லை. பொதுவாகவே 100 குழந்தைகளில் 2, 3 பேருக்கு ஏதாவது பிறவிக் குறைபாடு இருக்கிறது. அண்ணன் தங்கை பிள்ளைகள் மணந்துகொள்ளும்போது அதோடு இன்னும் 2, 3 சேர்கிறது. மிகப் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால், ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே இப்படி ஒரு நோய் தெரிந்திருந்தால், கணக்கு சட்டென்று மாறிவிடும். அதனால்தான் குடும்பத்து நோய்க்கதையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

எல்லா நிறமியும் இது அல்ல

இதயத்தில் நிறமி என்றதுமே இந்த நோய்தான் என்று முடிவுகட்டக் கூடாது. வயதாக ஆக எல்லோருடைய இதயத் தசையிலும் லிப்போஃபியூசின் என்ற பழுப்பு நிறமி சேரும். செல்கள் தேய்ந்த பாகங்களைச் செரித்ததுபோக மிஞ்சும் கசடு அது. முதியவர்களின் இதயம் பழுப்பாக இருப்பதற்கு அதுவே காரணம். முதுமையின் இயல்பான அடையாளம்.

நம் வீடுகளில் இன்னும் அதிகம் பார்க்கக்கூடியது இரும்பு. தலசீமியா உள்ள குழந்தைகளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு பாட்டில் ரத்தத்தோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகிறது. கூடுதல் இரும்பை வெளியேற்ற நம் உடலில் வழியே இல்லை. கல்லீரலில், கணையத்தில், கடைசியில் இதயத் தசையில் துருப்பிடித்த நிறத்தில் அது படியும். இந்தக் குழந்தைகளின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரத்தசோகை அல்ல, இரும்பு ஏறிய இதயம்தான். இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகளைத் தவறாமல் எடுத்துக்கொண்டால் இதைத் தடுக்கலாம். இதயத்தில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ ஸ்கேனில் அளந்தும் பார்க்கலாம். இந்த நோயும் பெற்றோர் இருவரிடமிருந்தும் வருவது. திருமணத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே யாரிடம் இந்தப் பழுது இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

களைக்கொல்லியிலிருந்து வந்த மருந்து

அல்காப்டனூரியாவுக்கு நூறாண்டுகளாக மருந்து இல்லாமல்தான் இருந்தது. புரதத்தைக் குறைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தார்கள், அது பலன் தருவதாக நிரூபணமாகவில்லை. இந்தச் சூழலில் வந்தது நிட்டிசினோன்.

இதன் கதை சுவாரஸ்யமானது. பாட்டில் பிரஷ் செடிக்குக் கீழே களை முளைப்பதில்லை என்பதைக் கவனித்த ஆய்விலிருந்து, களைக்கொல்லிகளை உருவாக்கும் முயற்சி தொடங்கியது. அதில் பிறந்த ஒரு வேதிப்பொருள்தான் நிட்டிசினோன். ஹோமோஜென்டிசிக் அமிலம் உருவாவதற்கு முந்தைய படியிலேயே அது வேலையை நிறுத்திவிடுகிறது. 1990-களிலிருந்து டைரோசினீமியா என்ற வேறொரு பிறவி நோய்க்கு இது உயிர்காக்கும் மருந்தாக இருக்கிறது.

அல்காப்டனூரியாவுக்கு இதைப் பரிசோதிக்க லிவர்பூல் மருத்துவர் லட்சுமிநாராயண் ரங்கநாத் தலைமையில் ஐரோப்பாவில் பெரிய ஆய்வு நடந்தது. 138 நோயாளிகளிடம் நான்கு ஆண்டுகள் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. தினமும் 10 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களின் சிறுநீரில் இருந்த அமிலம், எடுத்துக்கொள்ளாதவர்களோடு ஒப்பிட்டால் 99 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது. நோய் முன்னேறும் வேகமும் குறைந்தது. அதே ஆண்டு ஐரோப்பிய மருந்து முகமை பெரியவர்களுக்கு இதை அனுமதித்தது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, இந்த மருந்து ரத்தத்தில் டைரோசினைக் கூட்டும். அதனால் கண்ணின் கருவிழி பாதிக்கப்படலாம். உணவுக் கட்டுப்பாடும் தொடர் கண்காணிப்பும் இல்லாமல் எடுக்கவே கூடாது. இரண்டு, ஏற்கெனவே கெட்டிப்பட்ட வால்வை மாத்திரை திறந்துவிடாது. அதற்கு அறுவை சிகிச்சைதான். மருந்தின் பலன் முழுதாகக் கிடைக்க, நோயை முன்னதாகவே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

விலை? இறக்குமதி செய்துகொண்டிருந்தவரை, டைரோசினீமியா உள்ள ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 2.2 கோடி ரூபாய் வரை ஆனது. இந்திய நிறுவனங்கள் இதைத் தயாரிக்கத் தொடங்கியதும் அது சுமார் 2.5 லட்சமாகக் குறைந்ததாக 2023 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. அல்காப்டனூரியாவுக்கு அளவு வேறு, கணக்கும் வேறு. ஆனாலும், கோடியில் இருந்த கதவு லட்சத்துக்கு இறங்கியிருக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* குழந்தையின் துணியிலோ டயப்பரிலோ நேரம் ஆக ஆகக் கறுக்கும் கறை திரும்பத் திரும்ப வந்தால், அந்தத் துணியையே எடுத்துக்கொண்டு குழந்தைகள்நல மருத்துவரிடம் போங்கள். போட்டோவைவிட துணி நல்லது.

* சிறுநீர் அடர்நிறமாக இருந்தாலே இந்த நோய் அல்ல. தண்ணீர் குறைவாகக் குடிப்பது, பீட்ரூட், சில மாத்திரைகள், மஞ்சள் காமாலை, சிறுநீரில் ரத்தம் எனக் காரணங்கள் பல. வெளியேறும்போதே நிறம் மாறியிருக்கிறதா, வைத்திருந்தபின் மாறுகிறதா என்பது முக்கியமான வித்தியாசம். எதுவானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

* நோயை உறுதிசெய்ய, சிறுநீரில் ஹோமோஜென்டிசிக் அமிலத்தை அளக்கும் பரிசோதனை இருக்கிறது. தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனை.

* முப்பதுகளிலேயே தீராத முதுகுவலி, அதோடு காதுமடலில் நீலம், வெள்ளைவிழியில் பழுப்புப் புள்ளி இருந்தால், மருத்துவரிடம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தனித்தனி டாக்டரிடம் தனித்தனியாகச் சொன்னால் கதை சேராது.

* நோய் உறுதியானவர்கள் 40 வயதுக்குப் பிறகு இதயத்துக்கு எக்கோ பரிசோதனையை அவ்வப்போது செய்துகொள்வது நல்லது. ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும்.

* வால்வு, மூட்டு மாற்று சிகிச்சைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஜிப்மர், பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம்.

* சொந்தத்தில் திருமணம் பேசும் முன் இரண்டு வீட்டு நோய்க்கதையையும் எழுதிப் பாருங்கள். சின்ன வயதில் இறந்த குழந்தைகள், அடிக்கடி ரத்தம் ஏற்றியவர்கள், ஒரே மாதிரி நோய் வந்த அண்ணன் தம்பிகள் யாராவது உண்டா? இருந்தால், மரபணு ஆலோசனை தரும் மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கூடத்துக்குத் திரும்பினால்...

கட்டுரையை முடித்துவிட்டு, அந்த 64-ல் ஒன்று கணக்கை ஒரு தாளில் வரைந்து அம்மாவிடம் காட்டினேன். ``நம்ம வீட்ல யாருக்கு என்ன நோய் இருக்கு? நல்லாத்தானே இருக்கோம்’’ என்றார். நியாயமான பதில்தான். ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள் என்பதைத்தான் அந்தத் தாள் சொல்கிறது.

நன்னி தாளைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ``ஒங்க நன்னாவோட தங்கச்சிக்கு மூணு புள்ள தங்கல. ரத்தம் பத்தலன்னு சொன்னாங்க. அதுவும் சொந்தத்துலதான் கட்டுனது’’ என்றார்.

அம்மாவுக்கே அது தெரிந்திருக்கவில்லை. யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அது என்ன நோயாக இருந்திருக்கும் என்று இன்றைக்குச் சொல்ல வழியில்லை. ஆனால், அக்கா அடுத்த நாளே மாமா மகனுக்கு போன் செய்து பேசிவிட்டாள். இரண்டு பேரும் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது, மருத்துவரைப் பார்ப்பது, அதன்பிறகு பெரியவர்கள் பேசட்டும் என்று முடிவு. அம்மா முகம் சுளிக்கவில்லை. ``போகும்போது நன்னியையும் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்குத்தான் எல்லாக் கதையும் தெரியும்’’ என்றார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நன்னியோ பாட்டியோ அப்பத்தாவோ இருப்பார். இந்த வாரக் கடைசியில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.